எண்சாண் உடம்பும் பிறர் அளவுகோலும்

ஆவடியில் அளவு நாடாவுக்கு ஓய்வில்லை. படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் ஆடைத் தொழிற்சாலை இங்கே இருக்கிறது. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பிரிவுகளும் மத்திய ரிசர்வ் காவல் படையின் மையமும் இங்கேயே இருக்கின்றன. விடியற்காலையில் திடல்களில் ஓடிப் பழகும் இளைஞர்கள் தம் உயரத்தையும் மார்பளவையும் சென்டிமீட்டர் கணக்கில் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அங்கன்வாடியில் குழந்தையின் மேற்கையைச் சுற்றி ஒரு நாடா. மருத்துவமனையில் கருவுற்ற பெண்ணின் வயிற்றின்மேல் இன்னொரு நாடா. கருவி ஒன்றே. ஆனால், அளந்து முடித்தபின் அந்த எண்ணை எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. சாதி நுழைவது அந்த ஒப்பீட்டில்தான்.

காவலர் தேர்வு அறிவிக்கைகளில் ஒரு வரி உண்டு. பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஆகிய பிரிவுகளின் ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 170 செ.மீ.; பட்டியல் சாதி, பழங்குடியின ஆண்களுக்கு 167 செ.மீ. பெண்களுக்கு முறையே 159, 157. 'உயரத்திலுமா சலுகை?' என்ற ஏளனத்தைக் கேட்டுக்கொண்டேதான் நம் பிள்ளைகள் ஓடிப் பழகுகிறார்கள். அதற்கு நம்மில் பலர் தரும் பதில், விதியில் இருக்கிறது என்பது. மருத்துவம் தரும் பதில் அதைவிட வலுவானது. அதைச் சொல்ல வேண்டுமானால், மருத்துவக் கல்வியில் உடலை அளக்க எப்படிக் கற்பிக்கிறார்கள், அந்தக் கல்வியின் வரலாற்றுக்குள் சாதி எந்த வழியாக நுழைந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தபிறகு, மருத்துவக் கல்லூரிக்குள் முதல் தலைமுறையாகக் காலடி வைக்கும் மாணவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம்.

முதலாண்டு மருத்துவ மாணவர் கற்கும் உடற்கூறியலில் இடஅமைப்பு உடற்கூறியல் என்றொரு பகுதி உண்டு. இதயம், நுரையீரல், குடல் என்று உறுப்புகளைத் தனித்தனியே படிக்காமல், ஓரிடத்தில் எது மேலே, எது அடியில், எது பக்கத்தில் என்று படிப்பது அது. அதன் தொடர்ச்சிதான் உள்ளே இருப்பதைத் தோலின்மேல் குறிப்பது. மாணவர் மொழியில் 'சர்ஃபேஸ் மார்க்கிங்'. கத்தி வைப்பதற்கு முன்பு, ஊசி போடுவதற்கு முன்பு, உள்ளே என்ன இருக்கிறது என்பதை விரல்களால் அறிந்துகொள்ளும் கலை அது.

விலா எலும்புகளை எண்ணுவதையே எடுத்துக்கொள்வோம். முதல் விலா காறை எலும்புக்கு அடியில் மறைந்திருப்பதால் அங்கிருந்து எண்ணத் தொடங்க முடியாது. மார்பெலும்பின் மேற்பகுதியில் விரலை ஓட்டினால் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டின் இருபுறமும் சேர்வது இரண்டாம் விலா. அங்கிருந்து கீழ்நோக்கி எண்ணினால், இடப்பக்கம் ஐந்தாம் விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுப்புள்ளியிலிருந்து இறங்கும் கோட்டுக்குச் சற்று உட்புறமாக, இதயத் துடிப்பு விரலில் படும். இடுப்பெலும்பின் இரு முகடுகளையும் முதுகுப்புறமாக இணைத்தால் அக்கோடு நான்காம் இடுப்பு முள்ளெலும்பைக் கடக்கும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுவதால், முதுகில் ஊசி செலுத்த அவ்விடம் பாதுகாப்பானது. பிட்டத்தில் ஊசி போடும்போது மேற்புற வெளிக்கால்பகுதியைத் தேர்ந்தெடுப்பதும் இப்படித்தான். இடம் தவறினால் காலுக்குச் செல்லும் பெருநரம்பு காயப்பட்டு, பாதம் தொங்கிப்போகக்கூடும்.

இந்த அளவுகளுக்கு ஒரு தன்மை உண்டு. நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அதைத்தான். இவற்றுள் மிகுதியானவை அந்த உடலையே அளவுகோலாகக் கொண்டவை. குடல்வாலின் இடத்தை 'இத்தனை சென்டிமீட்டர்' என்று மட்டும் சொன்னால் குட்டையானவருக்கு ஒன்றாகவும் நெட்டையானவருக்கு ஒன்றாகவும் பிழைபடும். ஆகவே வலது இடுப்பெலும்பின் முன்முனையைத் தொப்புளோடு இணைத்து, அந்தக் கோட்டில் இடுப்பெலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் தேடச் சொல்கிறார்கள். தீக்காயத்தின் பரப்பைக் கணிக்கவும் இதே வழிதான்: விரல்கள் சேர்ந்த உள்ளங்கையின் பரப்பு உடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு. அது காயப்பட்டவரின் கையாக இருக்க வேண்டும். மருத்துவரின் கையாக இருந்தால் கணக்குக் கெட்டுவிடும். 'எண்சாண் உடம்பு' என்று நம் முன்னோர் சொன்னதும் அவரவர் கைச்சாணால்தான். குழந்தையின் சாணுக்குக் குழந்தை, பாட்டியின் சாணுக்குப் பாட்டி. அங்கே உயர்ந்த உடல், தாழ்ந்த உடல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒருவரின் உடலை இன்னொருவரின் உடலோடு வரிசைப்படுத்தத் தொடங்கும்போது கதை மாறுகிறது. அந்தக் கதையின் தமிழ்நாட்டு அத்தியாயம் நடந்த இடம் ஆவடியிலிருந்து ஒரு மின்தொடர்வண்டிப் பயணத் தொலைவில் இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கினால் எதிரே சென்னை மருத்துவக் கல்லூரி. சற்றுத் தள்ளி எழும்பூர் அருங்காட்சியகம். 1885 முதல் 1908 வரை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மருத்துவம் பயின்றவர். அக்காலத்திலேயே மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் விரிவுரையும் ஆற்றியவர். மாணவர்களுக்கு எலும்பையும் தசையையும் காட்டிய அதே மனிதர், மாகாணமெங்கும் சென்று சாதி சாதியாக மக்களின் மண்டையோட்டையும் மூக்கையும் அளந்தார். அந்த உழைப்பு 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு 'தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும்' என்ற ஏழு தொகுதி நூலாக வந்தது. இன்றும் சாதிச் சங்கங்கள் தம் 'பெருமை'யை நிறுவ அந்நூலைப் புரட்டுவது தனி வேடிக்கை.

மூக்கை ஏன் அளந்தார்கள்? வங்கத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி 1891இல் வெளியிட்ட நூலிலும், 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்தபோதும் வளர்த்தெடுத்த கோட்பாடு அது. மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வருவது மூக்குக் குறியெண். 70க்குக் கீழே கூர்மூக்கு, 85க்கு மேலே அகல மூக்கு, இடைப்பட்டது நடுத்தரம். குறியெண் கூடக்கூடச் சாதியின் சமூகத் தகுதி குறையும் என்பது ரிஸ்லியின் வாதம். ஆரியரும் ஆரியரல்லாதாரும் கலந்த விகிதமே சாதிப் படிநிலை என்பது அதன் உட்பொருள். சாதியை மனிதர் உருவாக்கிய ஒடுக்குமுறையாகப் பார்க்காமல் எலும்பில் எழுதப்பட்ட இயற்கையாக மாற்றிக் காட்டிய 'அறிவியல்' இது. இன்றைய ஆய்வுகளோ, நாசித் துளையின் அகலம் மூதாதையர் வாழ்ந்த இடத்தின் வெப்பத்தோடும் ஈரப்பதத்தோடும் தொடர்புடையது என்கின்றன.

அளக்கப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்குத் தர்ஸ்டனே அறியாமல் ஒரு சான்றை விட்டுச்சென்றிருக்கிறார். தங்களில் தேர்ந்தெடுத்தவர்களைப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று வயநாட்டுப் பணியர் பெண்கள் அஞ்சியதாக அவர் எழுதுகிறார். அவருக்கு அது நகைச்சுவை. நமக்கு அந்தப் பெண்களின் கணிப்பு மிகச் சரியானதாகவே படுகிறது. உடலளவியலைக் குற்றவாளிகளை அடையாளம் காணும் கருவியாகக் காவல் துறையினருக்கும் அவர் கற்பித்தார். 1871இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டபோது, முழுச் சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதிவு செய்யும் மனநிலை ஏற்கெனவே பழக்கப்பட்டிருந்தது. 2022இல் நாடாளுமன்றம் இயற்றிய குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைரேகை முதல் கருவிழி, உயிரியல் மாதிரிகள் வரை அனைத்தையும் 'அளவுகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கியிருக்கிறது. யாருடைய உடல்கள் முதலில் அந்தச் சொல்லுக்குள் இழுக்கப்படும் என்று நாம் கேட்பது அச்சத்தால் அல்ல, அனுபவத்தால்.

தர்ஸ்டன் மூக்குகளை அளந்துகொண்டிருந்த அதே சென்னையில், சித்த மருத்துவரான பண்டிதர் அயோத்திதாசர் நாடி பார்த்துக்கொண்டிருந்தார். 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்டோரின் தாழ்நிலைக்குக் காரணத்தை அவர் உடலில் தேடவில்லை, வரலாற்றில் தேடினார். பௌத்தர்கள் வீழ்த்தப்பட்ட கதையாக அதை விளக்கினார். அவருடைய ஒவ்வொரு முடிவையும் இன்று ஏற்க வேண்டியதில்லை. தேடிய இடம் சரியானது.

அளவுநாடாவை எதிரியின் கையிலிருந்து பிடுங்கி அவருக்கு எதிராகவே திருப்பியவர் புரட்சியாளர் அம்பேத்கர். 1948இல் வந்த 'தீண்டப்படாதோர்' நூலில், தீண்டாமை இனவேறுபாட்டால் பிறந்தது என்ற கோட்பாட்டை அவர் வெறும் கோபத்தால் மறுக்கவில்லை; சமூகவியலாளர் ஜி.எஸ். குர்யே தொகுத்த உடலளவு அட்டவணைகளையே எடுத்துவைத்து மறுத்தார். உத்தரப்பிரதேசப் பிராமணரின் அளவுகள், அதே மாநிலத்தின் பிற சாதிகள் பெரும்பாலானவற்றைக் காட்டிலும் பஞ்சாபின் தீண்டப்படாத சூஹ்ரா மக்களின் அளவுகளுக்கு நெருக்கமாக இருந்தன. மூக்கை நம்புவதாக இருந்தால் பிராமணரும் தீண்டப்படாதோரும் ஓரினத்தவர் என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். இருவரும் ஆரியர், அல்லது இருவரும் திராவிடர் என்ற முட்டுச்சந்தில் அவர் எதிர்வாதத்தை நிறுத்தினார். தரவைத் தூக்கி எறிவது எளிது. எதிராளியின் தரவை எதிராளியைவிட நன்றாகப் படிப்பது, நம் மாணவர்கள் அவரிடமிருந்து கற்க வேண்டிய பயிற்சி.

இனி தொடுதல். விலா எலும்பைத் தொடாமல் எண்ண முடியாது. இடஅமைப்பு உடற்கூறியல் முழுவதும் விரலில் இருக்கிறது. எனவே தீண்டாமையை நம்பும் ஒருவர் இந்தப் பாடத்தில் தேர்ச்சி பெறவே முடியாது என்று தோன்றலாம். நடைமுறை அப்படி இல்லை. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் அம்பேத்கர் ஒரு நிகழ்வை எடுத்துக்காட்டுகிறார். 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் கடிதமாக வந்தது அது. கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவி பிரசவித்த சில நாட்களில் நோயுற்றார். சேரிக்குள் வர மாட்டேன் என்றார் மருத்துவர். பெண்ணை வெளியே கொண்டுவர வைத்து, வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவரிடம் கொடுத்தார், கணவர் மனைவியிடம். அது அதே வழியில் திரும்பி வந்தது. நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார். அந்தப் பெண் இறந்துபோனார்.

வெப்பமானி சரியாகவே அளந்திருக்கும். நிமோனியாவுக்குத் தேவை வெப்பமானி மட்டுமா? மார்பில் கைவைத்து, விரலால் தட்டி, குழல் வைத்துக் கேட்டு, நுரையீரலின் எந்த மடல் இறுகியிருக்கிறது என்று அறிவதுதான் இடஅமைப்பு உடற்கூறியல் மருத்துவருக்குத் தரும் அறிவு. அது அந்த மருத்துவரிடம் இருந்திருக்கும். அந்தப் பெண்ணின் உடலில் அதைப் பயன்படுத்த அவர் மறுத்தார்.

பிணத்தைத் தொடுவதிலும் இதே கதை. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தின்மேல் கத்தி வைத்தது தீட்டை மீறிய புரட்சியாகப் பாடநூல்களில் போற்றப்படுகிறது. போற்றத்தக்கதே. ஆனால் அவருக்கு முன்பும் பின்பும் பிணத்தைச் சுமந்தவர், கழுவியவர், புதைத்தவர், எரித்தவர் யார்? அவர்களின் தொடுதலுக்கு ஏன் பெயர் இல்லை? இன்றும் நாட்டின் பல பிணவறைகளில், பிணக்கூறாய்வின்போது உடலைத் திறப்பவர் மருத்துவர் அல்லர். துப்புரவுப் பணியாளராகச் சேர்க்கப்பட்ட ஒருவர், பெரும்பாலும் தலித். மருத்துவர் தள்ளி நின்று பார்த்துக் குறிப்பெழுதுகிறார். பல ஆண்டுகள் அறுத்துப் பழகிய அந்தக் கைகளுக்கு எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும். பட்டமும் கையொப்பமும் சம்பளமும் மட்டும் வேறிடத்தில் இருக்கின்றன.

மேசையில் கிடத்தப்படும் உடல் யாருடையது? பிரிட்டனின் 1832 உடற்கூறியல் சட்டம், கோருவாரற்ற ஏழைகளின் உடல்களை மருத்துவக் கல்விக்குக் கொடுத்தது. நம் நாட்டின் உடற்கூறியல் சட்டங்களும் அந்த வழியிலேயே உரிமைகோரப்படாத பிணங்களை ஒப்படைக்கின்றன. உடல்தானம் பெருகிவந்தாலும், நடைபாதையில் இறந்தவரின் உடல்மேல்தான் இந்திய மருத்துவம் நெடுங்காலம் கற்றது. 1985இல் தடை வரும்வரை உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் கையில் வைத்துப் படித்த எலும்புக்கூடுகளில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து, முக்கியமாகக் கல்கத்தா வழியாக, சென்றது. எலும்பு நம்முடையது, பாடநூலின் 'இயல்பான உடல்' மட்டும் ஐரோப்பிய ஆணுடையது. கருந்தோலில் நீலம்பாய்தலையும் சோகையையும் எங்கே பார்ப்பது, நாக்கிலா, உள்ளுதட்டிலா, உள்ளங்கையிலா என்று தனியே சொல்லித்தர வேண்டியிருப்பது இதனால்தான்.

இப்போது அந்த 3 சென்டிமீட்டருக்கு வருவோம்.

ஒரு மனிதரின் உயரம் பெற்றோரைப் பொறுத்தது என்பது உண்மை. ஆனால் மக்கள் கூட்டங்களுக்கிடையே உள்ள சராசரி உயர வேறுபாட்டை மரபணுவின்மேல் போட்டுவிட முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. தாய்ப்பால், போதிய உணவு, தூய்மையான சூழல், புகைக்காத தாய் என்ற நிலைமைகள் வாய்த்த குழந்தைகள் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இந்தியக் குழந்தைகள் தெற்கு தில்லியைச் சேர்ந்தவர்கள். முடிவில், ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே போலவே வளர்ந்திருந்தார்கள். 2006இல் வெளிவந்த வளர்ச்சி வரைகோடுகள் இந்த ஆய்விலிருந்து பிறந்தவை. ஆவடி அங்கன்வாடியில் எடையும் உயரமும் குறிக்கப்படும் அட்டைக்கும் அதுவே அடிப்படை. தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம், 1896இல் பிறந்தவர்களுக்கும் 1996இல் பிறந்தவர்களுக்கும் இடையே 20 செ.மீ. கூடியிருக்கிறது. நூறாண்டில் மரபணு அப்படி மாறாது. சோறும் நீரும் மாறும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பட்டியல் சாதிக் குழந்தைகளில் இது ஏறத்தாழ 39, பழங்குடிக் குழந்தைகளில் 41. இம்மூன்று பட்டியல்களிலும் சேராத பிறரில் 30. தமிழ்நாட்டின் மொத்தச் சராசரி 25 என்பது ஆறுதல்தான். ஆனால் மாநிலச் சராசரியைக் காட்டி ஊருக்கும் சேரிக்கும் இடையிலான இடைவெளியை மறைத்துவிடக் கூடாது. வளர்ச்சி தடைபடுவது கருவிலிருந்து இரண்டு வயதுக்குள் மிகுதியாக நிகழ்கிறது. தாயின் சோகை, அசுத்தமான குடிநீர், திரும்பத் திரும்ப வரும் வயிற்றுப்போக்கு ஆகியவை எலும்பின் நீளத்தில் பதிகின்றன. பின்னாளில் எவ்வளவு ஓடினாலும் அந்த நீளம் முழுதாகத் திரும்பாது.

ஆகவே, 167 என்பது சலுகை அன்று. பல தலைமுறையாகப் பறிக்கப்பட்ட உணவின் அளவு அது. ஏளனம் செய்பவரிடம் நம் இளைஞர்கள் கேட்கலாம்: உன் பாட்டிக்கும் என் பாட்டிக்கும் ஒரே கிணற்றில் தண்ணீர் கிடைத்ததா?

ஒரே எண்ணை இரு வழிகளில் படிக்கலாம் என்பதைத்தான் இது காட்டுகிறது. 'இவர்கள் குட்டை இனம், ஆகவே இவர்களுக்கான வரைகோட்டைத் தாழ்த்து' என்பது ஒரு வாசிப்பு. உலக வரைகோடு இந்தியருக்குப் பொருந்தாது, நம் குழந்தைகள் இயல்பிலேயே குட்டையானவர்கள் என்று சில பொருளியலாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். கோட்டைத் தாழ்த்தினால் ஊட்டக்குறைவு ஒரே நாளில் தாளில் மறைந்துவிடும். சத்துணவுக்குக் கேட்கும் பணமும் அதோடு மறையும். மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கடும் ஊட்டக்குறைவு என்பது உலகெங்கும் ஒரே கோடு. அந்த நாடாவில் சாதிக்கென்று தனி நிறம் இல்லாதிருப்பதைக் காத்துக்கொள்ள வேண்டும்.

வரைகோட்டைத் தாழ்த்துவதால் யார் பயன்பெறுவார்கள் என்பதற்கு மூச்சளவி ஒரு பாடம். நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்று அளக்கும் கருவி அது. வயது, உயரம், பால் ஆகியவற்றோடு இனத்தையும் கேட்டு, அதற்கேற்ப 'எதிர்பார்க்கும் அளவை'க் கணக்கிடும்படியே பல ஆண்டுகளாக அது அமைக்கப்பட்டது. கறுப்பினத்தவரின் நுரையீரல் இயல்பிலேயே சிறியது என்ற கருத்து, அமெரிக்காவில் அடிமைமுறையை ஆதரித்த மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் காலத்தது. 1999இல், கல்நார் சார்ந்த வழக்குகளில் ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் பால்டிமோர் நீதிமன்றத்தில் அதைப் பயன்படுத்த முயன்றது. வெள்ளையரைவிடக் கறுப்பினத் தொழிலாளிக்கு நுரையீரல் இன்னும் மோசமாகக் கெட்டிருந்தால்தான் அவர் வழக்கைத் தொடரலாம் என்பது அதன் வாதம். இந்தியரை அளக்கும்போதும் வெள்ளையர் அளவில் 10 விழுக்காட்டைக் கழித்துக் கணக்கிடும் வழக்கம் இருந்துவருகிறது. 2023இல் அமெரிக்க மார்பகநோய் மருத்துவர் சங்கம் இனம் கேட்காத ஒரே சமன்பாட்டைப் பரிந்துரைத்தது.

இதிலும் கண்மூடித்தனம் கூடாது. கோட்டை உயர்த்தினால் மேலும் பலர் நோயாளிகளாகக் குறிக்கப்பட்டு, உடற்தகுதி இல்லை என்று வேலையை இழக்கவும் கூடும். எந்தச் சமன்பாடு என்பது, அளவு எதற்காக எடுக்கப்படுகிறது என்பதையும் பொறுத்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வார்ப்புத் தூசியை மூச்சிழுத்தவரோ, பாதாளச் சாக்கடைக்குள் இறக்கப்பட்டவரோ, இழப்பீட்டுக்காக மூச்சளவிச் சோதனைக்குப் போகும்போது, அறிக்கையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் ஒரு வரியை அவருடன் செல்லும் தோழர் படிக்க வேண்டும். எந்த மக்களின் அளவோடு ஒப்பிட்டார்கள் என்பது அங்கே இருக்கும். அது இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்க வேண்டும். அந்த வரியைப் படித்துச் சொல்லத் தெரிந்த மருத்துவ மாணவர்கள் இப்போது நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். தொழிற்சங்கத் தோழர்கள் அவர்களைத் தேடிப் போகலாம்.